தனிக் கார்டு இல்லாமல் நைட் சிட்டிக்குள்

பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை, இங்கே சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். "மாமா, எல்லாத்தையும் லோ-ல வச்சிட்டேன். அப்பவும் சிக்கிச் சிக்கித்தான் ஓடுது." விளையாட்டு, நைட் சிட்டி என்ற கற்பனை நகரத்தில் நடக்கும் சைபர்பங்க் 2077. 2020 டிசம்பரில் வெளிவந்தபோது பெரிய பெரிய கணினிகளையே திணறடித்த ஒன்று. அவன் கையில் இருந்ததோ பாடத்துக்காக வாங்கிய சாதாரண 14 அங்குல லேப்டாப். கிராஃபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்றும் அதில் கிடையாது.

புதிதாக ஆரம்பிக்கிற எல்லோரும் அவன் செய்ததைத்தான் செய்கிறார்கள். மெனுவைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் அடிமட்டத்துக்கு இறக்குவது. படம் அசிங்கமாகிவிடும், வேகமும் வராது. எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாமல் எல்லாக் குழாயையும் திருகினால் அப்படித்தான் ஆகும்.

எங்கே அடைக்கிறது என்று புரிய, தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு புரோட்டாக் கடை முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கல்லுக்கு முன்னால் ஒரு மாஸ்டர் புரோட்டா வீசுகிறார். பக்கத்தில் இன்னொருவர் டீ ஆற்றுகிறார். மாவு, நெய், பால் டின் எல்லாம் பின்னால் ஒரே சின்ன அறையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே குறுகலான வாசல். புரோட்டா மாஸ்டருக்கு எவ்வளவு வேகமான கை இருந்தாலும், வாசலில் நெரிசல் என்றால் கல் சும்மா காய்ந்துகொண்டிருக்கும்.

இன்டகிரேட்டட் கிராஃபிக்ஸ் என்பது இந்தக் கடைதான். படம் வரைகிற ஜிபியு (புரோட்டா மாஸ்டர்), கணக்குப் போடுகிற சிபியு (டீ மாஸ்டர்) இரண்டும் ஒரே சில்லுக்குள் குடியிருக்கின்றன. ஜிபியுவுக்கென்று சொந்த நினைவகம் இல்லை. இரண்டும் ஒரே ராமை, அதாவது கணினியின் பொது நினைவகத்தை, எடுத்துப் புழங்குகின்றன. தனிக் கார்டு உள்ள கணினியில் புரோட்டா மாஸ்டருக்குத் தனி அறை, அகலமான தனி வாசல். எவ்வளவு அகலம் என்றால், மேசைக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் வினாடிக்கு 360 ஜிபி தரவு போய்வரலாம். நம் லேப்டாப்பில் டிடிஆர்4-3200 ராம் ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிபிதான். அதிலும் டீ மாஸ்டருக்குப் பங்கு உண்டு.

ஆகவே விளையாட்டின் மெனுவைத் திறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால், எத்தனை ஸ்லாட் இருக்கிறது, அதில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும். அவனுடையதில் இரண்டில் ஒன்று. மொத்தம் 8 ஜிபி. அடுத்து ஜிபியு பகுதிக்குப் போனேன். பெயர் 'இன்டெல் யுஎச்டி கிராஃபிக்ஸ்' என்று இருந்தது. ஆனால் லேப்டாப்பின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அதைவிட உயர்ந்த ஐரிஸ் எக்ஸ்இ!

"அப்ப ஏமாத்திட்டாங்களா மாமா?"

இல்லை. இது இன்டெல் 11ஆம் தலைமுறைச் சில்லு. அந்த வகைச் சில்லுகளில், ராம் இரட்டை வழியில் (டூயல் சேனல்), அதாவது இரண்டு ஸ்லாட்டிலும் ஸ்டிக் இருந்து, இணைந்திருந்தால்தான் கிராஃபிக்ஸ் தன்னை ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டிக்கொள்ளும். ஒற்றை வழி என்றால் அதே சில்லு யுஎச்டி என்று பெயரைக் குறைத்துக்கொள்ளும். வாசல் பாதியாக இருக்கும்போது பெரிய பெயர் எதற்கு என்ற நினைப்போ என்னவோ. விற்ற கடைக்காரர் இதைச் சொல்லவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று பிற்பகலே இருவரும் எம்ஆர்டியில் ரோச்சோர் போய், சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கி வந்தோம். லேப்டாப்புக்கான சின்ன வகை, டிடிஆர்4, 3200 வேகம் என்று மூன்றும் பழையதோடு பொருந்தவேண்டும். அடியில் உள்ள திருகுகளைக் கழற்றிப் பொருத்திய பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், பெயர் ஐரிஸ் எக்ஸ்இ. 25.6 இப்போது 51.2. விளையாட்டின் மெனுவில் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னேற்றம். இன்னொரு லாபமும் உண்டு. 2.0 அப்டேட்டுக்குப் பிறகு இந்த விளையாட்டு கேட்கும் குறைந்தபட்ச ராமே 12 ஜிபி. ஜிபியு தன் பங்கையும் அதே ராமிலிருந்து எடுப்பதால் 8 ஜிபியில் மூச்சுவிடவே இடமில்லை.

ஒன்று சொல்லவேண்டும். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராமைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அதைக் கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. அப்படிப்பட்டதை வாங்குகிறவர்கள் வாங்கும் நாளிலேயே 16 ஜிபியாக வாங்கிவிடுவது நல்லது. நல்ல செய்தி, அவற்றில் வருகிற எல்பிடிடிஆர்5 வகை ராம் இரட்டை வழியிலேயே வருவது வழக்கம், வாசலும் அகலம்.

அடுத்தது மின்சாரமும் சூடும். இந்த வகைச் சில்லு சிபியு, ஜிபியு இரண்டுக்கும் சேர்த்தே 15 முதல் 28 வாட் வரைதான் செலவழிக்கும். மேலே சொன்ன 3060 கார்டு தனியாகவே 170 வாட். கையில் இருக்கிற கொஞ்ச வாட்டையும் வீணாக்கக் கூடாது. சார்ஜரைச் செருகி வைத்துத்தான் ஆடவேண்டும். பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான லேப்டாப்புகள் தாமாகவே அடக்கி வாசிக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றுங்கள். அப்புறம், நம் ஊர் வெயில். பிற்பகல் 32 டிகிரியில், ஏர்கான் போடாத அறையில், மெத்தைமேல் வைத்து ஆடினால் அடிப்பக்கக் காற்றுத்துளைகள் மூடிக்கொள்ளும். சில்லு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணற ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மேசைமேல் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். செலவில்லாத வைத்தியம்.

இனி விளையாட்டுக்குள் போகலாம். முதலில் ஒரு கணக்கு. திரையில் தெரிகிற அசைவு உண்மையில் வரிசையாக வரும் அசையாப் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு படத்தை வரைய ஜிபியுவுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி. 30 போதுமென்றால் 33.3 மில்லிவினாடி. நீங்கள் சேர்க்கிற ஒவ்வொரு அழகும், நிழலோ பனிமூட்டமோ, அந்த நேரத்திலிருந்து ஒரு பங்கைத் தின்னும். நம் வேலை, எது நிறையத் தின்று கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிகிறதோ அதை முதலில் வெட்டுவது. கொஞ்சமாகத் தின்று நிறைய அழகு தருவதைத் தொடவே கூடாது. 'லோ' என்ற ஒரே பொத்தான் இந்த வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவிழ்த்துவிடுகிறது.

அவனுக்கு 60 வேண்டும் என்று ஆசை. யுடியூபில் எல்லோரும் 60 என்கிறார்களாம். நான் 30 என்றேன். இந்தச் சில்லில் இந்த விளையாட்டுக்கு 60 என்பது பகல் கனவு. அதைவிட முக்கியம், 22-க்கும் 45-க்கும் இடையில் ஊசலாடுவதைவிட அசையாத 30 கண்ணுக்கு எவ்வளவோ மேல். எண் குறைவதைக் கண் பொறுத்துக்கொள்ளும், எண் குதிப்பதைப் பொறுக்காது. லேப்டாப் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 30 என்றால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும், ஒழுங்காக இருக்கும். விளையாட்டிலேயே உச்ச எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்) என்று ஒரு வரம்பு உண்டு. அதை 30-இல் பூட்டினோம். பூட்டியதால் எளிமையான காட்சிகளில் சில்லு மூச்சுவிட்டு ஆறும், கனமான காட்சி வரும்போது அதற்குக் கொஞ்சம் தெம்பு மிஞ்சியிருக்கும்.

வெட்டுவதில் முதலிடம் ரெசல்யூஷனுக்கு. 1920×1080 திரையில் 2,073,600 புள்ளிகள். 1280×720 என்றால் 921,600. பாதிக்கும் கீழே. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் வண்ணம் கணக்கிட்டு, ராமுக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவர வேண்டியிருப்பதால், புள்ளி குறைந்தால் கல்லிலும் வேலை குறையும், வாசலிலும் நெரிசல் குறையும். வேறு எந்த ஒற்றை அமைப்பும் இந்த அளவுக்கு உதவாது. 'எல்லாம் லோ' என்று வைத்தவன் ரெசல்யூஷனை மட்டும் 1080பி-யில் விட்டுவைத்திருந்தான்! "அதக் குறைச்சா எழுத்து மங்கலாயிடுமே மாமா" என்றான். நியாயமான பயம். ரெசல்யூஷனை நேரடியாக இறக்கினால் வரைபடம், வசன எழுத்து எல்லாமே பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

அப்ஸ்கேலிங் இருப்பது இதற்காகத்தான். உலகத்தைச் சின்ன அளவில் வரைந்து, முந்தைய ஃபிரேம்களில் கிடைத்த தகவலையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும் வித்தை. எழுத்தும் வரைபடமும் மட்டும் முழு அளவிலேயே வரையப்படும், அதனால் கூர்மையாக இருக்கும். மெனுவில் மூன்று பெயர்கள் தெரியும். டிஎல்எஸ்எஸ் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும் வேலை செய்யும், நமக்கு இல்லை. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் (3ஆம் பதிப்பு வரை) யாருடைய சில்லிலும் ஓடும். இன்டெல்லின் எக்ஸ்இஎஸ்எஸ்-ஸும் மற்றவர்களுடைய சில்லில் ஓடும். படம் கொஞ்சம் சுத்தமாக வரும், ஆனால் இந்த மாதிரிச் சின்ன ஜிபியுவில் தன் பங்குக்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் போட்டுப் பார்த்துக் கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் எஃப்எஸ்ஆர் எடுத்தோம்.

அதிலும் படிகள் உண்டு. திரை 1080பி என்றால், 'குவாலிட்டி' உள்ளே 1280×720-இல் வரைகிறது. 'பெர்ஃபார்மன்ஸ்' 960×540-இல். கீழே போகப்போகத் தூரத்துக் கம்பிகளும் தலைமுடியும் நெளிய ஆரம்பிக்கும். ஊகித்து நிரப்ப மூலப் படத்தில் சரக்கு இருக்கவேண்டும் அல்லவா? எங்களுக்குப் பொருந்தியது திரை அளவை 1600×900 என்று வைத்து, அதன்மேல் குவாலிட்டி. உள்ளே ஏறக்குறைய 1067×600. 14 அங்குலத் திரையில் ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கும்போது அவனுக்குக் குறை தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை.

ஃபிரேம் ஜெனரேஷன் என்று இன்னொன்று கண்ணில் படலாம். இரண்டு படங்களுக்கு நடுவில் ஒன்றைக் கற்பனையாகச் செருகும் உத்தி. 20 ஃபிரேம் 40 ஆகிவிடும் என்று ஆசைப்பட வேண்டாம். அதை உருவாக்கியவர்களே ஏற்கெனவே 60 அளவில் ஓடுகிற விளையாட்டுக்குத்தான் பரிந்துரைக்கிறார்கள். 20-இல் போட்டால் எண் மட்டும் ஏறும். பொத்தானை அமுக்கியதற்கும் கை அசைவதற்கும் இடையிலான தாமதம் அப்படியே இருக்கும், கூடவும் செய்யும்.

இனி தனித்தனி அமைப்புகள். பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று மிரளத் தேவையில்லை, உண்மையில் கனமானவை நாலைந்துதான்.

முதல் ஆள், ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷன். ஈரச் சாலையிலும் கண்ணாடியிலும் நியான் விளக்கு மின்னுவது இதனால்தான். நைட் சிட்டியின் பாதி அழகு இதில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் விலை அதிகம், தாழ்ந்த படிகளில் மணலைத் தூவியது போல் புள்ளி புள்ளியாக வேறு தெரியும். அரைகுறையாக வைப்பதைவிட அணைத்துவிடுவதே மேல் என்பது என் கட்சி. அவன் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வால்யூமெட்ரிக் ஃபாக், அதாவது விளக்கொளி படிந்த புகைமூட்டம், இரண்டாவது ஆள். இதை முழுவதும் அணைக்க வேண்டாம், கடைசிப் படிக்கு இறக்கினால் போதும். புகை எப்படியும் மங்கலான பொருள்தான், தரம் குறைந்தது தெரியவே தெரியாது. எடுத்தது கண்ணுக்குத் தெரியாத, ஆனால் வேகத்தை நிறையத் தரும் வெட்டு இது. வால்யூமெட்ரிக் மேகமும் அப்படியே. தரையில் ஓடித் திரிகிற விளையாட்டில் எத்தனை முறை அண்ணாந்து பார்க்கிறோம்?

நிழல்களுக்கு இந்த விளையாட்டில் ஐந்தாறு வரிகள் இருக்கின்றன. தூரத்து நிழல், உள்ளூர் விளக்குகளின் நிழல் எல்லாம் லோ. நிழல் எவ்வளவு தூரம் வரை வரையப்படும் என்பதைச் சொல்கிற 'ரேஞ்ச்' மட்டும் ஒரு படி மேலே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீங்கள் நடக்க நடக்க உங்களுக்கு முன்னால் நிழல்கள் திடீர் திடீரென்று முளைக்கும். ஆம்பியன்ட் அக்லூஷன் என்பது சுவரும் தரையும் சேரும் மூலையில் விழும் மெல்லிய இருட்டு. அதை அணைத்தால் பொருள்கள் தரையில் ஒட்டாமல் மிதப்பது போல் தோன்றும், ஆகவே லோ-வில் விட்டேன்.

டெக்ஸ்சர் பற்றிப் பலருக்குத் தப்பான எண்ணம். சுவர், உடை, முகம் இவற்றின்மேல் போர்த்தியிருக்கும் படங்கள்தான் டெக்ஸ்சர். அது முக்கியமாக இடத்தைத் தின்னும். 16 ஜிபி ஆன பிறகு மீடியம் வைத்தாலும் வேகம் அவ்வளவாகக் குறையவில்லை, முகங்கள் மட்டும் முகங்கள் மாதிரி ஆயின. 8 ஜிபியிலேயே இருந்திருந்தால் லோ-தான். அனிசோட்ரோப்பி, சாய்வாகத் தெரியும் தரை தூரத்தில் குழம்பாமல் இருக்க உதவுவது. தனிக் கார்டுக்காரர்களுக்கு அது ஏறக்குறைய இலவசம், நமக்கு வாசல் குறுகல் என்பதால் 4-இல் நிறுத்தினேன்.

ஃபில்ம் கிரெய்ன் (பழைய ஃபிலிம் போன்ற புள்ளிகள்), குரோமாட்டிக் அபெரேஷன் (ஓரங்களில் நிறச் சிதறல்), மோஷன் பிளர் (அசைவு மங்கல்) மூன்றையும் அணைத்துவிடுங்கள். வேகத்துக்காக அல்ல. ஏற்கெனவே கீழ் ரெசல்யூஷனில் இருக்கும் படத்தை இவை மேலும் கலங்கலாக்கும்.

ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சம் வரையும் ரே டிரேசிங்? பார்க்காமலே தாண்டிப் போய்விடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சந்தைக்குள் நுழைந்தபோது திணறியது. இந்த இடத்தில் ஒரு சோதனை தெரிந்திருந்தால் நேரம் மிச்சம். திணறும் இடத்திலேயே நின்று, ரெசல்யூஷனை இன்னும் ஒரு படி இறக்குங்கள். ஃபிரேம் ஏறினால் குறை ஜிபியுவிடம். ஏறாமல் அப்படியே நின்றால் கிராஃபிக்ஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, சிபியு மூச்சுவாங்குகிறது என்று பொருள். எங்களுக்கு அசையவில்லை. அப்போது குறைக்கவேண்டியது படத்தின் தரத்தை அல்ல. மெனுவில் 'கிரவுட் டென்சிட்டி' என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. தெருவில் எத்தனை பேர் நடமாடவேண்டும் என்பது. ஒவ்வொருவரையும் நடக்கவைத்து, மோதாமல் பார்த்துக்கொள்வது சிபியுவின் வேலை. அதை லோ ஆக்கியதும் சந்தை கொஞ்சம் வெறிச்சோடியது, ஆனால் ஓடியது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், மாற்றியதை அளக்கவேண்டும். விளையாட்டின் மெனுவிலேயே பெஞ்ச்மார்க் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே காட்சியை ஓட்டிச் சராசரியையும் அடிமட்ட எண்ணையும் காட்டும். சராசரியைவிட அடிமட்ட எண்ணைப் பாருங்கள், திணறல் அங்கேதான் ஒளிந்திருக்கும். நாங்கள் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனோம். முதல் வரியில் இருபதுக்கும் கீழே இருந்த அடிமட்டம், பக்கத்தின் முடிவில் முப்பதை ஒட்டி வந்திருந்தது.

அவன் விட்டுக்கொடுக்காதது அந்த ரிஃப்ளெக்‌ஷன். "மழை பெய்யுற தெருவுல வெளிச்சம் தெரியலன்னா அப்புறம் இந்த கேம் எதுக்கு மாமா?" எனக்குப் பதில் இல்லை. அதை லோ-வில் வைத்துக்கொண்டான், ஈடாக எஃப்எஸ்ஆரை ஒரு படி இறக்கினான். ஆனாலும் மழை வந்தால் இரண்டு மூன்று ஃபிரேம் முப்பதுக்குக் கீழே நழுவிக்கொண்டே இருந்தது. அப்படியே லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை இரவு ஒரு படம் அனுப்பினான். ஈரத் தெரு, சிவப்பும் நீலமுமாக வெளிச்சம், மூலையில் 30. கீழே ஒரு வரி: "பின்னாடி பிரவுசர்ல 23 டேப் திறந்திருந்துச்சு மாமா. டீ மாஸ்டருக்கு லீவு குடுத்துட்டேன்."